உருளைக்கிழங்கு நுனி பெரணி மாதிரி சுருள்கிறது, அவரை பூக்கவில்லை, களைக்குக் கடிதம் வந்துவிட்டது (அலாட்மென்ட் புதுசு)

வைகைக்கரை – 1 ஜூன் 2025, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். இருப்பது லண்டன் ஹாரோ. நாலு வருஷம் காத்திருப்புப் பட்டியலில் கிடந்து, போன அக்டோபரில்தான் அலாட்மென்டில் (காய்கறி போட வாடகைக்குத் தரும் பொது நிலம்) அரை ப்ளாட் கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோட்டமும் உண்டு. பாதி சிமெண்ட் தரை, மீதியில் ஒரு பாத்தியும் ஏழெட்டுத் தொட்டியும்.

மார்ச் கடைசியில் ப்ளாட்டில் உருளைக்கிழங்கு போட்டேன், சீக்கிர ரகம், மூன்று வரிசை. பக்கத்தில் ஒரு குதிரை லாயத்தில் எரு சும்மாவே தருகிறார்கள், நாமே போய் மூட்டையில் அள்ளிக்கொள்ள வேண்டும். மூன்று நடையில் பன்னிரண்டு மூட்டை கொண்டுவந்து கொட்டினேன். கார் இன்னும் நாறுகிறது என்று வீட்டில் தினமும் ஒரு பாட்டு.

முதலில் செடி ஜோராகத்தான் வந்தது. இப்போது பத்து நாளாக நுனி இலை விரியவே மாட்டேன் என்கிறது. உள்பக்கமாகச் சுருண்டு பெரணிக் கொழுந்து மாதிரி நிற்கிறது. புது இலை ஒடுங்கிப்போய், நரம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகத் தெரிகிறது. கீழ் இலை மட்டும் பழையபடி நன்றாக இருக்கிறது. என்ன நோய் இது?

இன்னும் இரண்டு புலம்பல். ப்ராட் பீன்ஸ் தண்டு நுனியை எள்ளில் புரட்டி எடுத்தது மாதிரி கறுப்பாகப் பூச்சி அப்பியிருக்கிறது. அப்புறம் அம்மா கொடுத்த அவரை விதை. போன வருஷம் வீட்டு வேலியில் ஏறி கராஜ் கூரை வரை போனது, ஆனால் ஒரு பூ இல்லை. அக்டோபரில் மொட்டு வந்தது, நவம்பர் உறைபனியில் கொடி வெந்த கீரையாகிவிட்டது. இந்த வருஷமும் போட்டிருக்கிறேன்.

இதற்கு நடுவில் அலாட்மென்ட் குழுவிலிருந்து கடிதம், களை அதிகமாக இருக்கிறது, நாலு வாரத்தில் சரிசெய்யவும் என்று. வேலை, இரண்டு பிள்ளைகள், ப்ளாட்டுக்கு பஸ்ஸில் 25 நிமிடம். நீங்கள் எல்லாம் வாரத்துக்கு எத்தனை நாள் போகிறீர்கள்?

---

லீட்ஸ்_குமரன் – 1 ஜூன், இரவு 10:15

தண்ணி பத்தலைங்க, அவ்வளவுதான். இந்த வசந்தத்தில் வெயில் அடித்த அடிக்கு எங்கள் பக்கம் மண் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கிறது. உருளைக்கு இப்போதுதான் கிழங்கு பிடிக்கும் நேரம், நன்றாக நனைத்து விடுங்கள், சரியாகிவிடும்.

---

கிராய்டன்_சித்ரா – 2 ஜூன், காலை 7:05

குமரன், தண்ணீர் பற்றாவிட்டால் செடி மொத்தமாகத் துவளும், இப்படி நுனி மட்டும் சுருளாது. இலையின் அடியில் பச்சை அசுவினி இருக்கிறதா பாருங்கள் வைகைக்கரை. அது கொண்டுவரும் வைரஸிலும் இலை சுருளும், ஆனால் வைரஸ் விதைக்கிழங்கோடு வந்திருந்தால் கீழ் இலைதான் முதலில் உருளும், தொட்டால் மொரமொரவென்று இருக்கும். நீங்கள் சொல்வது நேர் எதிராக இருக்கிறது. ஒரு கை எப்சம் உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பாருங்களேன்.

---

பனங்காய் – 2 ஜூன், காலை 7:50

பிள்ளை, உப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கொஞ்சம் பொறுங்கோ. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. மூன்று வரிசைக்கும் அந்தக் குதிரை எரு போட்டனீங்களோ, அல்லது எங்கேயாவது போடாமல் விட்டனீங்களோ? விட்ட இடத்தில் செடி எப்படி இருக்கு?

---

வைகைக்கரை – 2 ஜூன், மதியம் 1:10

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. மூட்டை தீர்ந்துபோய் மூன்றாவது வரிசையின் கடைசி நாலு செடிக்குப் போடவில்லை. போன சனிக்கிழமை எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அந்த நாலும் இலை விரித்து அழகாக நிற்கிறது! அப்படியென்றால் எருவில்தான் கோளாறா? நான் பச்சை எரு சூடு என்று நினைத்து ஆறு மாதம் பழசாகப் பார்த்துத்தானே அள்ளினேன்.

---

பனங்காய் – 2 ஜூன், இரவு 8:30

அதுதான். எருவின் சூடு இல்லை பிள்ளை, எருவுக்குள் இருக்கும் களைக்கொல்லி.

விஷயம் இதுதான். குதிரைக்கு வைக்கோலும் புல்லும் வெட்டும் மேய்ச்சல் நிலத்தில் முள்ளுச்செடி, காஞ்சொறி, ராக்வர்ட் எல்லாம் வராமல் இருக்க மருந்தடிப்பார்கள். அமினோபைரலிட் என்று ஒன்று, குளோபைரலிட் என்று அதன் சொந்தக்காரன் ஒன்று. அகல இலைச் செடியைக் கொல்லும், புல்லை ஒன்றும் செய்யாது. அந்தப் புல்லைக் குதிரை தின்றால் மருந்து குதிரையின் வயிற்றில் கரையாது, அப்படியே சாணத்தில் வந்துவிடும். எரு ஆறு மாதம் குவிந்து கிடந்தாலும் போகாது, ஏனென்றால் குவியலுக்குள் காற்று இல்லை. மண்ணில் கலந்து, காற்றுப் பட்டு, நுண்ணுயிர் தின்றால்தான் மெல்ல மெல்ல அழியும்.

அகப்படுவது எல்லாம் நாங்கள் ஆசையாக வைக்கிற சாமான்தான். உருளைக்கிழங்கு, தக்காளி, பட்டாணி, பீன்ஸ், கரட், லெட்யூஸ். கோவாவும் (முட்டைக்கோஸ்) வெங்காயமும் ஓரளவு தாங்கும். சோளம் புல்லினம், அதற்கு ஒன்றும் ஆகாது.

எனக்கு 2008இல் நடந்தது. இருபது அடிக்குப் போட்ட போஞ்சி (பீன்ஸ்) முழுவதும் சுருண்டு போனது. அந்த வருஷம் நாடு முழுக்க இதே கதை, அமினோபைரலிட் மருந்துக்குக் கொடுத்த அனுமதியையே நிறுத்தி வைத்தார்கள். அடுத்த வருஷம் நிபந்தனை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். நிபந்தனை காகிதத்தில் இருக்கும், லாயக்காரனுக்கு யார் போய்ச் சொல்வது? அவனே வைக்கோலை வேறு ஒருவனிடம் வாங்குகிறான். அவன் மேல் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை, ஆனால் போய்ச் சொல்லுங்கோ.

---

லீட்ஸ்_குமரன் – 2 ஜூன், இரவு 8:52

சரி, தண்ணி யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஐயா சொல்வதைக் கேட்டால் பயமாக இருக்கிறதுங்க, நான் பிப்ரவரியில் எட்டு மூட்டை எரு இறக்கி பாலிடனலுக்குள் (பிளாஸ்டிக் கூடாரம்) போட்டிருக்கிறேன். இப்போதைக்கு வெண்டை இரண்டு இலையில் நிற்கிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இல்லையா?

---

கிராய்டன்_சித்ரா – 3 ஜூன், காலை 6:48

வழி இருக்கிறது, ஐயா சொன்ன பிறகு எனக்கும் ஞாபகம் வருகிறது. எப்சம் உப்பு யோசனையை எல்லோரும் மறந்துவிடுங்கள்.

ஆறு சின்னத் தொட்டி எடுங்கள். மூன்றில் பாதி எரு, பாதி கடைக் கம்போஸ்ட். மீதி மூன்றில் வெறும் கம்போஸ்ட். எல்லாவற்றிலும் ப்ராட் பீன்ஸ் விதை இரண்டிரண்டு. ஒன்றின் தண்ணீர் வடிந்து இன்னொன்றுக்குப் போகாதபடி தனித்தனித் தட்டில் வையுங்கள், இதில்தான் எல்லோரும் கோட்டை விடுவது. மூன்று நாலு ஜோடி இலை வரும் வரை பொறுங்கள். எருத் தொட்டியில் மட்டும் நுனி சுருண்டால் எருவில் மருந்து. கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆகும். குமரன், எரு போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது, ஆனாலும் செய்யுங்கள், அடுத்த மூட்டையை அள்ளலாமா வேண்டாமா என்றாவது தெரியும்.

---

நத்தைப்பகைவன் – 3 ஜூன், காலை 9:20

எதற்கு இவ்வளவு பரிசோதனை? செடியைப் பிடுங்கி, மண்ணை அரையடி ஆழத்துக்கு அள்ளி கவுன்சில் குப்பைக் கிடங்கில் போட்டுவிட்டுப் புது மண் போட்டால் முடிந்தது.

---

பனங்காய் – 3 ஜூன், காலை 11:05

தம்பி, அரை ப்ளாட்டில் அரையடி மண் என்றால் எத்தனை டன் என்று கணக்குப் பார்த்தனீங்களோ? அள்ளினால் முதுகு போகும். புது மண் எங்கிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும், அதற்குள் என்ன இருக்கோ.

பிள்ளை, நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மண்ணுக்கு மேலே இன்னும் மூடாக்காகக் கிடக்கிற எருவை வழித்து எடுங்கோ. கம்போஸ்ட் குவியலில் மட்டும் போட வேண்டாம், அந்தக் குவியலும் கெட்டுப்போகும். மண்ணில் கலந்துவிட்டதை ஃபோர்க்கால் புரட்டிப் புரட்டி விடுங்கோ, இரண்டு வாரத்துக்கு ஒருக்கா, மழைக்காலம் வரை. வெறுமனே விட மனமில்லாவிட்டால் சோளம் வையுங்கோ, ஜூன் பத்துக்குள் கன்றாக நட்டால் செப்டம்பரில் முறிக்கலாம். ஆனால் அந்தச் சோளத் தட்டையையும் குவியலில் போடாதேங்கோ.

எங்கட ஊரில், யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், ஐயா குழை தாழ்ப்பார். பூவரசங்குழையும் கிளுவங்குழையும் வண்டியில் வரும், பாத்தியைக் கொத்தி அடியில் போட்டு மூடுவார்கள். எங்கே வெட்டின குழை என்று எல்லோருக்கும் தெரியும், வேலிக்காரன் பக்கத்து வளவுக்காரன். இங்கே சும்மா வருகிற எரு எங்கிருந்து வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

---

வைகைக்கரை – 3 ஜூன், இரவு 10:30

நன்றி ஐயா. மனசு கொஞ்சம் கனத்துத்தான் போனது, அந்தப் பன்னிரண்டு மூட்டையை நானே சுமந்தேன். சித்ரா அக்கா சொன்ன தொட்டிப் பரிசோதனையை இன்று ராத்திரியே வைத்துவிட்டேன், பிள்ளைகள் தொட்டியில் ‘நல்லவன்’, ‘கெட்டவன்’ என்று எழுதி ஒட்டிவிட்டார்கள்.

கறுப்புப் பூச்சிக்கு என்ன செய்வது? ஊரிலிருந்து கொண்டுவந்த வேப்பெண்ணெய் ஒரு பாட்டில் இருக்கிறது.

---

கிராய்டன்_சித்ரா – 4 ஜூன், காலை 6:55

வேப்பெண்ணெயை வைத்துவிடுங்கள். இங்கே அதைப் பூச்சிமருந்தாகப் பதிவு செய்யவில்லை, இலைக்குப் பளபளப்பு என்ற பெயரில் கடையில் வைத்திருக்கிறார்கள், நம் ஆட்கள் எல்லோரும் அதைத்தான் வாங்கி அடிக்கிறார்கள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

அடியில் முதல் காய் விரல் நீளம் வந்துவிட்டதா? வந்திருந்தால் ஒவ்வொரு தண்டிலும் நுனியை நாலு விரல் நீளத்துக்குக் கிள்ளி எறியுங்கள். இளம் நுனிதான் பூச்சிக்குப் பிடித்த இடம், அது போனால் பாதிக் கூட்டம் போய்விடும், செடியின் சத்தும் காய்க்கு இறங்கும். பூச்சி இல்லாத நுனியை எறியாதீர்கள்! வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, நறுக்கிப் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பூ. கீரைக்கும் பீன்ஸுக்கும் நடுவில் ஒரு ருசி. மீதிப் பூச்சியைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத் தள்ளுங்கள். தண்டில் எறும்பு ஏறி இறங்கினால் அதுதான் காவல்காரன், பூச்சி சுரக்கும் இனிப்புக்காக அதை மேய்க்கிறது.

இன்னொன்று. முதலைக்குட்டி மாதிரி கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஒன்று ஊர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு. நான் முதல் வருஷம் இருபது முப்பதைக் கொன்றிருப்பேன், புது விதப் பூச்சி என்று நினைத்து.

---

பனங்காய் – 4 ஜூன், காலை 8:10

நாங்கள் அழுக்கணவன் என்று சொல்கிறது இதைத்தான். அம்மா அடுப்புச் சாம்பலைச் சீலைத்துணியில் கட்டி, விடியப்புறம் பனி ஈரத்தில் செடிமேல் தட்டிவிடுவா. நான் இங்கே விறகுச் சாம்பலில் செய்து பார்த்தேன், பரவாயில்லை, ஆனால் ஒரு மழையோடு போய்விடும். இந்த நாட்டில் ஒரு மழையோடு நிற்குமா?

---

லீட்ஸ்_குமரன் – 4 ஜூன், மதியம் 12:40

அவரைக்கு நான் வருகிறேன், இதில் நான் சூடுபட்டவன்.

உங்கள் அம்மா கொடுத்த விதையில் கோளாறு இல்லைங்க. நம் நாட்டு அவரைக்குப் பகல் குறைந்தால்தான் பூக்கத் தோன்றும். ஆடிப்பட்டத்தில் போட்டால் மார்கழி, தையில் காய்த்துத் தள்ளுவது அதனால்தான். மதுரையில் வருஷத்திலேயே நீளமான பகல்கூட 12 மணி 40 நிமிடத்தை ஒட்டித்தான் வரும். லண்டனில் ஜூன் 21 அன்று 16 மணி 38 நிமிடம், எனக்கு இங்கே லீட்ஸில் 17 மணியைத் தாண்டிவிடும். அந்தக் கொடி பாவம், இது என்ன முடியாத பகல் என்று இலையாக விட்டுக்கொண்டே இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் பகலும் இரவும் சமமாகும்போதுதான் அதற்கு உறைக்கிறது, அப்புறம் மொட்டு விட்டுக் காய் பிடிப்பதற்குள் குளிர் வந்துவிடும்.

இந்தப் பகல் கணக்குப் பார்க்காத குத்து அவரை ரகங்கள் உண்டு, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் மாதிரி. ஆனால் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், ஊரிலிருந்து நடவுக்கு விதை கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அத்தை மஞ்சள் பையில் முடிந்து கொடுப்பதற்கெல்லாம் சான்றிதழ் கிடையாது.

என்னைக் கேட்டால் அவரைக் கொடியை எடுத்துவிட்டு அந்த வேலியில் ரன்னர் பீன்ஸ் ஏற்றுங்கள். அது மெக்ஸிகோ மலைப்பக்கத்துச் செடி, இந்தக் குளிர்ச்சியும் நீளப் பகலும் அதற்குப் பிரச்சினை இல்லை. பிஞ்சில் பறித்தால் பொரியலில் கண்டுபிடிக்க முடியாது. சரி, கண்டுபிடிக்க முடியும், ஆனால் சமாளிக்கலாம்.

---

வைகைக்கரை – 4 ஜூன், இரவு 9:15

அம்மாவிடம் போனில் சொன்னேன். “பகல் கூடுனா பூக்காதா, இதென்னடி கூத்து, செடிக்கு கடிகாரமா தெரியும்” என்றார். அப்புறம் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, “அதான் சித்திரையில போட்டா கொடி மட்டும் ஓடும்னு எங்க அப்பத்தா சொல்லும்” என்றார்.

ஒரு கொடியை மட்டும் விட்டுவைக்கப்போகிறேன். காய்க்காது என்று தெரியும்.

---

நத்தைப்பகைவன் – 5 ஜூன், காலை 7:30

என் பங்குக்கு ஒரு கேள்வி. இந்த வருஷ வறட்சியில் ஸ்லக் (ஓடில்லாத நத்தை) குறைவு, ஆனால் இரண்டு நாள் மழைக்கே என் லெட்யூஸ் வரிசை குச்சியாகிவிட்டது. ஷெட்டில் பழைய நீல நிற குருணை அரை டப்பா கிடக்கிறது. போடலாமா?

---

கிராய்டன்_சித்ரா – 5 ஜூன், காலை 7:44

டப்பாவில் மெட்டால்டிஹைட் என்று இருந்தால் கூடாது. 2022 ஏப்ரலிலிருந்து வெளியில் போடத் தடை. முள்ளெலிக்கும் பறவைக்கும் ஆபத்து. கவுன்சிலின் அபாயக் கழிவுப் பிரிவில் கொடுத்துவிடுங்கள். ஃபெரிக் பாஸ்பேட் குருணைதான் இப்போது கிடைப்பது. அதைவிட, தண்ணீரைச் சாயங்காலம் ஊற்றாமல் காலையில் ஊற்றுங்கள், ராத்திரி மண் ஈரமாக இருந்தால் நீங்களே விருந்து வைத்த மாதிரி. பெயரை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு இன்னும் இதையெல்லாம் கேட்கிறீர்களே.

---

பனங்காய் – 7 ஜூன், மாலை 6:20

பிள்ளை வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டீர்கள், அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு ப்ளாட்டில் மழை, ஷெட்டுக்குள் இருந்து எழுதுகிறேன், தகரத்தில் சத்தம் கேட்க நல்லாயிருக்கு.

முதலில் ஒரு கணக்கு. இவர்கள் முழு ப்ளாட் என்று சொல்வது பத்து ராட். ராடும் பேர்ச்சும் ஒன்றுதான், அப்படியென்றால் பத்துப் பேர்ச். யாழ்ப்பாணத்துக் கணக்கில் அது சரியாக ஒரு பரப்பு! முப்பது வருஷத்துக்கு முன்னம் எனக்கு ப்ளாட் தந்த வெள்ளைக்காரக் கிழவர் பத்து ராட் என்று சொல்ல, நான் மனதுக்குள் ஒரு பரப்பு என்று பெருக்கிப் பார்த்துச் சிரித்தேன். இந்தியக் கணக்கில் ஆறேகால் சென்ட் வரும். உங்களுடைய அரை ப்ளாட் மூன்று சென்ட் சொச்சம். மூன்று சென்ட்டை முதல் வருஷமே முழுதாகக் கொத்தி நிறைக்க நினைத்ததுதான் கடிதம் வரக் காரணம்.

நான் வீட்டையும் ப்ளாட்டையும் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன். தினமும் கண் பட வேண்டியது எல்லாம் வீட்டில். தக்காளிக்கு ஜூனில் பக்கக் கொழுந்து கிள்ளாவிட்டால் நாலு நாளில் காடு, அது வீட்டில். மிளகாய், கத்தரி தொட்டியில், சுவரோடு, வெயில் பக்கம். கொத்தமல்லி, வெந்தயக்கீரை சமையலறை வாசலில், இரண்டு வாரத்துக்கு ஒருக்கா ஒரு பிடி விதை. கறிவேப்பிலை இப்போது வெளியே, செப்டம்பரில் உள்ளே. கோர்ஜெட்டும் (சுக்கினி) வீட்டில்தான், மூன்று நாள் பார்க்காவிட்டால் விரல் அளவில் இருந்தது தொடை அளவாகிவிடும்.

ப்ளாட்டில் வைப்பது, என்னை ஒரு வாரம் மறந்தாலும் கோபிக்காத சாமான். உருளைக்கிழங்கு, வெங்காயம், உள்ளி (பூண்டு), பூசணி, பீட்ரூட், ருபார்ப். உள்ளிக்கு இப்போது இலையில் துரு வரும், பயப்பட வேண்டாம், அடி இலை மஞ்சளாகப் போகும்போது கிளப்பலாம். ருபார்ப்பை ஜூன் கடைசியோடு பறிக்காமல் விடுங்கோ, வேர் தேற வேண்டும். தண்டு மட்டும்தான் சாப்பாடு, இலை நஞ்சு.

தண்ணீர்: எங்கள் இடத்தில் ஹோஸ் போடக் கூடாது, தொட்டியில் முக்கி வாளியில்தான். தினமும் தலையைத் தடவுகிற மாதிரித் தெளிப்பதை விட, ஐந்து நாளைக்கு ஒருக்கா அடி வேர் வரை குடிக்க ஊற்றுங்கோ. ஒரு பூசணிக்கு ஒரு வாளி முழுதாக. ஊரில் இறைப்பு முறை வைத்துத்தான் செய்தோம், ஒருவரும் தினமும் இறைக்கவில்லை.

களைக்கு: பாதி ப்ளாட்டைக் கறுப்பு ஷீட் போட்டு மூடி, குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ, இந்தப் பக்கம் பயிர், அந்தப் பக்கம் மூடி வைத்திருக்கிறேன், அடுத்த வருஷம் திறப்பேன் என்று. பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வெள்ளைப் புனல் பூப் பூக்கிற கொடி, பைண்ட்வீட், அதன் வேரை மட்டும் இயந்திரம் போட்டு உழுதுவிடாதேங்கோ. ஒரு துண்டு பத்துத் துண்டாகி, பத்தும் முளைக்கும்.

---

லீட்ஸ்_குமரன் – 7 ஜூன், இரவு 7:02

ஐயா, இதைத் தனி இழையாகப் போட்டு மேலே ஒட்டி வைக்கலாம். நான் ஐந்து வருஷமாகத் தக்காளியை ப்ளாட்டிலும் உருளையை வீட்டிலும் வைத்திருந்தேன். யாரும் சொல்லலீங்க.

ப்ளாட்டில் கோழி வைக்கலாமா? மனைவி கேட்கச் சொன்னாள்.

---

பனங்காய் – 7 ஜூன், இரவு 7:30

1950ஆம் ஆண்டுச் சட்டப்படி பெட்டைக்கோழியும் முயலும் வைக்கலாம். சேவல் அதில் இல்லை. விற்பதற்கு வளர்க்கவும் கூடாது. ஆனால் கோழிக்குத் தினமும் போக வேண்டும், நரிக்கும் அது தெரியும்.

---

வைகைக்கரை – 8 ஜூன், இரவு 10:05

இன்று முழு நாளும் ப்ளாட்டில். எருவை வழித்து எடுத்துவிட்டேன், ஒன்பது மூட்டை திரும்பி வந்தது. உருளை இரண்டு வரிசையைப் பிடுங்கிவிட்டேன், அடியில் கோலிக்குண்டு அளவில் ஐந்தாறு இருந்தன, அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. கடைசி நாலு செடிக்கு மண் அணைத்துவிட்டு வந்தேன். பாதியில் கறுப்பு ஷீட், கற்கள் பத்தவில்லை, பக்கத்து ப்ளாட் ஜமைக்காக்காரப் பெரியவர் பழைய கதவு ஒன்றைக் கொண்டுவந்து மேலே போட்டார்.

அவர் ஒரு பாத்தியைக் காட்டி, இது கலலூ, உனக்கு வேண்டுமா என்றார். போய்ப் பார்த்தால் நம் முளைக்கீரை! அதே தண்டு, அதே இலை. தண்டோடு வேகவைத்து வெங்காயம் போட்டு வதக்குவார்களாம், உப்பு மீனோடு. அவருக்குப் பக்கத்தில் ஒரு வங்காளப் பெண் சிவப்பு நிறத்தில் போட்டிருக்கிறாள், அவளுக்கு அது லால் ஷாக். நான் மூன்று வருஷமாகத் தமிழ்க் கடையில் கட்டு இரண்டு பவுண்டு கொடுத்து வாங்குகிறேன்.

---

கிராய்டன்_சித்ரா – 9 ஜூன், காலை 6:50

விதை வாங்கிக்கொண்டீர்களா? இப்போதுதான் சரியான நேரம், மண் சூடேறிவிட்டது. மேலாகத் தூவி, சும்மா கையால் தடவிவிடுங்கள். அதையும் எரு போட்ட இடத்தில் போடாதீர்கள், அகல இலைதானே.

---

லீட்ஸ்_குமரன் – 18 ஜூன், இரவு 9:10

என் பரிசோதனை: எருத் தொட்டி, சாதாத் தொட்டி, இரண்டும் ஒரே மாதிரி நிற்கிறது. என் எருவில் மருந்து இல்லை போலிருக்கிறது. வெண்டை ஆறு இலை. நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

---

வைகைக்கரை – 22 ஜூன், இரவு 9:48

‘நல்லவன்’ மூன்றும் நேராக. ‘கெட்டவன்’ மூன்றும் நுனி சுருண்டு, இலை கிண்ணம் மாதிரி. சின்னவன் அழுதுவிட்டான், அவன் ‘கெட்டவன்’ பக்கம் பந்தயம் கட்டியிருந்தும். லாயத்துக்குப் போய்த் தொட்டியோடு காட்டினேன். அந்த அம்மா நல்ல மாதிரி, வைக்கோல் விற்றவரிடம் கேட்கிறேன் என்றார், எருக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை எழுதி வைத்துவிட்டார். குழுவிடமிருந்தும் பதில் வந்தது, ஷீட் போட்ட பாதி சரி, மற்றப் பாதியை ஆகஸ்டில் பார்க்க வருவார்களாம்.

நேற்று இந்த வெக்கையில் எங்கும் நகர முடியவில்லை, ஆறு மணிக்கு மேல்தான் போனேன். ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருந்தது. எரு படாத நாலு செடியில் ஒன்றைக் கிளப்பினேன், முட்டை அளவில் ஏழு கிழங்கு, தோல் கைபட்டாலே உரிகிறது. முளைக்கீரை இரண்டு இலை விட்டிருக்கிறது. சோளம் முழங்காலுக்குக் கீழே.

அவரை கராஜ் கூரையைத் தொட்டுவிட்டது.